ஒன்ராறியோ ஏரிக்குக் குறுக்கே அதிவேகப் பாதை: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களிற் பல ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருந்தன. ஆகவே ஏனைய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, ரொறன்ரோவிலிருந்து ஏரியைக் கடந்து நயாகராக் கரைக்கு விரைவுப் பாதை அமைக்க முடியுமா என்று கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி: வானம் தெளிந்த நாளில் சீ.என். கோபுரத்தின் மேல் நின்றால் ஏரியின் எதிர்க்கரை தெரிகிறது. ஆனால் நயாகராவுக்குக் காரில் போக ஒன்றரை மணித்தியாலம் ஆகிறது. நீண்ட வார இறுதி என்றால் மூன்று மணித்தியாலம்கூட ஆகிறது. பிரித்தானியாவுக்கும் பிரான்சுக்கும் இடையே கடலுக்கு அடியில் ரயில் ஓடும்போது, ஓர் ஏரிக்கு அடியில் ஏன் ஓட முடியாது?
— ஒரு வாசகர், ஸ்காபரோ

பதில்: ஓட முடியும் என்பதே நேர்மையான முதல் விடை. ரொறன்ரோத் துறைமுகத்திலிருந்து நயாகராப் பிராந்தியத்திலுள்ள சென் கத்தரின்ஸ் கரைவரை நேர்கோட்டில் ஏறத்தாழ 50 கிலோமீற்றர். 1994இல் திறக்கப்பட்ட ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கமும் ஏறத்தாழ அதே நீளமுடையது. 1988இல் திறக்கப்பட்ட ஜப்பானின் செய்க்கான் சுரங்கம் 54 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவானது. கடல் மட்டத்திலிருந்து 240 மீற்றர் கீழே இறங்குகிறது. ஆனால் முதலாவதில் நீருக்கு அடியில் உள்ள பகுதி 38 கிலோமீற்றர், இரண்டாவதில் 23 கிலோமீற்றர் மட்டுமே. நீங்கள் கேட்கும் சுரங்கத்திலோ ஏறக்குறைய முழு நீளமும் நீருக்கு அடியிலேயே செல்லும். அப்படி ஒன்று உலகில் இன்னும் இல்லை.

‘ஏரி’ என்ற சொல் இங்கே நம் மனத்தைச் சற்றுத் தவறான பக்கம் இழுத்துச் செல்கிறது. வன்னிக் குளங்களையும் மட்டக்களப்பு வாவியையும் பார்த்து வளர்ந்த நமக்கு ஏரி என்றால் ஆழம் குறைந்தது, கடல் என்றால் ஆழமானது என்ற எண்ணம் இயல்பாகவே இருக்கிறது. உண்மையில் இந்தியாவையும் இலங்கையையும் பிரிக்கும் பாக்கு நீரிணையின் பெரும்பகுதி 15 மீற்றர் ஆழத்தைத் தாண்டாது. பனியாறுகள் அகழ்ந்த ஒன்ராறியோ ஏரியின் சராசரி ஆழமோ 86 மீற்றர், அதிகபட்ச ஆழம் 244 மீற்றர். அதன் நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 75 மீற்றர் உயரத்தில் இருந்தும், ஏரியின் ஆழமான அடித்தளம் கடல் மட்டத்துக்குக் கீழே 170 மீற்றரளவில் இருக்கிறது. அந்த ஆழமான இடம் கிழக்கே, நம் பாதைக்கு வெளியே உள்ளது என்பது ஆறுதல்தான். என்றாலும் ரொறன்ரோ–நயாகராக் கோட்டிலும் நடு ஏரி 100 மீற்றருக்கு மேல் ஆழமுடையது.

இதன் பொருளை உணர நகரத்துக்குள்ளேயே ஒரு சான்று இருக்கிறது. ரொறன்ரோ நகர மையத்தின் உயரமான கட்டடங்கள் பலவற்றைக் கோடையிற் குளிர்விப்பதற்காக, 2004 முதல், ஏரியின் ஆழத்திலிருந்து 4 பாகை செல்சியஸ் குளிருள்ள நீரைக் குழாய்களால் எடுத்து வருகிறார்கள். அந்தக் குழாய்களின் வாய் கரையிலிருந்து 5 கிலோமீற்றர் தூரத்தில், 83 மீற்றர் ஆழத்தில் இருக்கிறது. அதாவது கரையை விட்டு 5 கிலோமீற்றர் போவதற்குள் ஏரியின் தரை அவ்வளவு இறங்கிவிடுகிறது. சுரங்கத்தின் மேலே குறைந்தது 40 மீற்றர் பாறையாவது இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அந்த இடத்தில் ரயில் 123 மீற்றர் கீழே ஓட வேண்டும். செய்க்கான் சுரங்கத்தில் உள்ளதுபோல 1,000 மீற்றருக்கு 12 மீற்றர் என்ற சரிவில் இறங்கினால், 123 மீற்றர் இறங்குவதற்குப் பத்துக் கிலோமீற்றருக்கு மேல் தேவைப்படும். ஆகவே சுரங்கத்தின் வாய் ஏரிக்கரையில் இருக்க முடியாது. நகரத்துக்குள் இன்னும் 5 கிலோமீற்றர் உள்ளே தள்ளியிருக்க வேண்டும். யூனியன் நிலையத்தின் இன்றைய மேடையிலிருந்து நேரே ஏரிக்கடியிற் போவது இதனால் இயலாது. அறுபது மீற்றர் ஆழத்தில் புதிய நிலையம் ஒன்றைத் தோண்ட வேண்டிவரும். பயணிகள் ரயில் மட்டும் ஓடினாற் போதும் என்று முடிவு செய்தால் சரிவைக் கூட்டலாம்; ஜேர்மனியில் 2002இல் திறக்கப்பட்ட கொலோன்–பிராங்பேர்ட் அதிவேகப் பாதையில் 1,000 மீற்றருக்கு 40 மீற்றர் வரை சரிவு உண்டு. ஆனால் அப்போது சரக்கு ரயில்களிடமிருந்து கிடைக்கக்கூடிய வருமானத்தைக் கைவிட வேண்டும்.

அடுத்தது பாறை. இதில் ஊகிக்க வேண்டிய தேவையே இல்லை, ஏனெனில் நயாகராவில் ஏற்கெனவே தோண்டிப் பார்த்தாயிற்று. நீர்மின் நிலையத்துக்குக் கூடுதல் நீர் கொண்டு செல்வதற்காக, 14.4 மீற்றர் விட்டமுள்ள ‘பிக் பெக்கி’ என்ற துளையிடும் இயந்திரத்தைக் கொண்டு, நயாகரா நகரத்துக்கு அடியில் 10.2 கிலோமீற்றர் நீளச் சுரங்கம் ஒன்று தோண்டப்பட்டது. 2006இல் இயந்திரம் புறப்பட்டது; நீர் பாய்ந்தது 2013இல். இடையில், குயின்ஸ்டன் ஷேல் என்ற, களிமண் இறுகி உருவான செந்நிறப் பாறைக்குள் இயந்திரம் நுழைந்தபோது கூரைப் பாறை கட்டுக்கடங்காமற் பெயர்ந்து விழுந்தது. பாதையையே மேல்நோக்கி மாற்ற வேண்டியதாயிற்று. தொடக்கத்தில் 98.5 கோடி டொலர் என்று மதிப்பிடப்பட்ட செலவு ஏறத்தாழ 150 கோடியாக உயர்ந்தது. அந்தப் பாறைக்கு இன்னொரு குணமும் உண்டு: நன்னீர் பட்டால் மெல்ல வீங்கும். அதைத் தடுக்கச் சுரங்கத்தின் உட்சுவருக்கு நீர் புகாத உறை போட்டார்கள். கரைக்கு அடியில் 10 கிலோமீற்றரில் இத்தனை பாடு என்றால், பழுது ஏற்பட்டால் மேலிருந்து ஒரு குழி தோண்டி உதவிக்கு இறங்கக்கூட முடியாத நடு ஏரியில் 50 கிலோமீற்றர் என்னவாகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

வேகத்தையும் சொல்லிவிட வேண்டும். தரையில் மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் ரயில்களே ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கத்துக்குள் 160 கிலோமீற்றர் வேகத்தில்தான் ஓடுகின்றன. அந்த வேகத்தில் நம் ஏரியைக் கடக்க 19 நிமிடம். 300இல் ஓடினால் 10 நிமிடம். ஒன்பது நிமிடத்தை மிச்சப்படுத்துவதற்காகக் காற்றழுத்தத்தைத் தாங்கும் அகலமான சுரங்கத்தைத் தோண்டப் பணம் தர எவரும் முன்வருவார் என்று நான் நம்பவில்லை. அதைவிட, கரையேறிய பிறகு நீர்வீழ்ச்சிவரை இன்னும் ஏறத்தாழ 20 கிலோமீற்றர் இருக்கிறது. இடையில் நயாகரா மலைவிளிம்பையும் ஏறிக் கடக்க வேண்டும்.

கேள்வி: சுரங்கம் வேண்டாம். ஹொங்கொங்–சுகாய்–மக்காவ் பாலம் 55 கிலோமீற்றர் நீளமுடையதாயிற்றே! நாமும் பாலம் கட்டினால் என்ன?
— ஒரு வாசகி, மிசிசாகா

பதில்: 2018இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் ஆழம் குறைந்த ஆற்றுமுகத்தில் நிற்கிறது. அங்கும்கூட, பெரிய கப்பல்கள் செல்லும் பகுதியிற் பாலத்தைத் தொடராமல் 6.7 கிலோமீற்றர் சுரங்கமாக நீருக்கு அடியில் இறக்கினார்கள். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பொன்சார்ட்ரெயின் ஏரியைக் கடக்கும் 38 கிலோமீற்றர் பாலம் 1956ஆம் ஆண்டிலேயே கட்டப்பட்டது. ஆனால் அந்த ஏரியின் சராசரி ஆழம் நான்கு மீற்றரளவுதான். கனடாவிலேயே இளவரசர் எட்வேட் தீவை இணைக்கும் 12.9 கிலோமீற்றர் கொன்பெடரேஷன் பாலம் 1997இல் திறக்கப்பட்டது. அதன் தூண்கள் 35 மீற்றர் வரையான ஆழத்தில் நிற்கின்றன. 100 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில், 250 மீற்றருக்கு ஒன்றாக 200 தூண்களை நிறுத்துவது வேறு வகை வேலை.

கப்பல்களையும் மறக்கக் கூடாது. 1959இல் சென் லோறன்ஸ் கடல்வழி திறக்கப்பட்ட பின்னர், அத்திலாந்திக்கிலிருந்து ஈரி ஏரிக்கும் அதற்கு அப்பாலும் போகும் சரக்குக் கப்பல்கள் யாவும் வெலண்ட் கால்வாயினூடாகவே செல்கின்றன. அந்தக் கால்வாயின் வாய் சென் கத்தரின்ஸின் போர்ட் வெல்லரில்தான் இருக்கிறது. நம் பாலம் கரையேற வேண்டிய இடமும் அதன் அருகில்தான். உயரமான பெருந்தொங்கு பாலப் பகுதி இல்லாமல் இதைத் தீர்க்க முடியாது.

சியாற்றில் நகரத்து வாஷிங்டன் ஏரியில் மிதவைப் பாலங்கள் இருக்கின்றனவே என்றும் நீங்கள் கேட்டிருந்தீர்கள். அவற்றுள் மிக நீளமானது 2,350 மீற்றர். உலகிலேயே நீளமான மிதவைப் பாலமும் அதுதான். அதே ஏரியில் இருந்த பழைய மிதவைப் பாலம் ஒன்று, புதுப்பிக்கும் பணி நடந்துகொண்டிருந்த 1990 நவம்பரில், புயலின்போது மிதவைகளுக்குள் நீர் புகுந்து மூழ்கியது. ஒன்ராறியோ ஏரியின் குளிர்காலப் புயல்கள் அதைவிட மிகப் பெரிய அலைகளை எழுப்புபவை.

கேள்வி: 2004ஆம் ஆண்டு ரொறன்ரோவிலிருந்து அமெரிக்கக் கரையிலுள்ள றொச்செஸ்டருக்கு ஓடிய விரைவுப் படகில் குடும்பத்துடன் பயணம் செய்தேன். அருமையான கப்பல். அது ஏன் நின்றது? அதை மீண்டும் தொடங்க முடியாதா?
— ஒரு வாசகர், பிக்கரிங்

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்தபோதுதான் இப்பகுதியை எழுதியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன், ஏனெனில் ஏரியைக் கடக்கும் கனவுகள் எங்கே உடைகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

‘ஸ்பிரிட் ஒஃப் ஒன்ராறியோ’ என்ற அந்த இரட்டையுடல் கப்பல் அவுஸ்திரேலியாவிற் கட்டப்பட்டது. ஏறத்தாழ 770 பயணிகளையும் 230க்கும் மேற்பட்ட கார்களையும் ஏற்றிக்கொண்டு இரண்டேகால் மணித்தியாலத்தில் ஏரியைக் கடந்தது. கப்பலில் குறை இல்லை. நீங்கள் சொல்வதுபோல அது அருமையான கப்பல்தான். ஏரியை மேற்காகச் சுற்றி, எல்லையையும் தாண்டிக் காரில் போக மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஆகும் என்பதால், காகிதத்திற் பார்த்தால் நேரமும் மிச்சம். ஆனால் 2004 ஜூனில் தொடங்கிய சேவை அதே செப்ரெம்பரில் நின்றுவிட்டது. அடுத்த ஆண்டு றொச்செஸ்டர் நகரசபையே 3 கோடியே 20 இலட்சம் அமெரிக்க டொலருக்குக் கப்பலை ஏலத்தில் வாங்கி 2005 ஜூனில் மீண்டும் ஓட்டியது. 2006 ஜனவரியில் புதிய நகரபிதா அதையும் நிறுத்தினார். கப்பல் ஐரோப்பிய நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டு, பின்னர் ஸ்பெயினுக்கும் மொரோக்கோவுக்கும் இடையே ஓடியது. ரொறன்ரோவில் அதற்கென்று கட்டிய பயணிகள் முனையம், கப்பல் ஓடிய அந்தக் கடைசி ஆண்டிற்றான் திறக்கப்பட்டது.

காரணங்களைக் கவனியுங்கள். கப்பல் பஹாமாஸ் கொடியுடன் பதிவு செய்யப்பட்டிருந்ததால், பெரும் ஏரிகளின் சட்டப்படி ஒவ்வொரு பயணத்திலும் உரிமம் பெற்ற வழிகாட்டி மாலுமிக்குத் தனிக் கட்டணம் கொடுக்க வேண்டியிருந்தது. இரு கரையிலும் குடிவரவு, சுங்கச் சோதனை. சரக்கு வாகன வருமானம் கைகூடவில்லை. குளிர்காலத்திற் பயணிகள் குறைவு; எரிபொருட் செலவு மட்டும் குறையாது. இவற்றுள் ஒன்றுகூட நீரின் ஆழத்தையோ அலையின் உயரத்தையோ பற்றியதல்ல என்பதைத்தான் நான் வலியுறுத்த விரும்புகிறேன். இரண்டு நகரங்களுக்கும் இடையே, ஆண்டு முழுவதும், ஒவ்வொரு நாளும் போய்வர வேண்டிய போதிய மக்கள் இருக்கவில்லை. கோடை விடுமுறையில் ஒருமுறை ஆசையோடு போய்வந்த குடும்பங்கள் இருந்தன. அவை ஒரு கப்பலை நடத்தப் போதவில்லை.

மீண்டும் தொடங்கலாமா என்றால், கார் ஏற்றாத, சிறிய, கனடாக் கொடியுடைய படகாக, எல்லை தாண்டாமல் நயாகராக் கரைக்கு, மே முதல் ஒக்ரோபர் வரை மட்டும் ஓடுவதாக இருந்தால் ஓடும் என்று நினைக்கிறேன். அதற்கு முன்னோடியும் உண்டு: ‘கயூகா’ என்ற நீராவிக் கப்பல் இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலிருந்து 1957வரை ரொறன்ரோ மக்களை ஏற்றிக்கொண்டு நயாகராவுக்குப் போய்வந்தது. 1939இல் குயின் எலிசபெத் நெடுஞ்சாலை திறக்கப்பட்டதும் வீட்டுக்கு வீடு கார் வந்ததுமே அதன் காலத்தை முடித்தன.

கேள்வி: முப்பது நிமிடத்தில் ஏரியைக் கடக்கும் ஹோவர்கிராப்ட் வரப்போகிறது என்று செய்திகளில் வந்ததே, அது என்னவாயிற்று?
— ஒரு வாசகி, அஜக்ஸ்

பதில்: ரொறன்ரோவின் ஒன்ராறியோ பிளேசிலிருந்து சென் கத்தரின்ஸின் போர்ட் வெல்லருக்கு, ஒவ்வொன்றும் 180 பேரை ஏற்றும் ஹோவர்கிராப்ட்கள் ஓடும் என்று அறிவிக்கப்பட்டது, 2023 கோடையிற் தொடங்கும் என்றும் சொன்னார்கள். அந்தக் கோடையில் அது தொடங்கவில்லை. எனினும் இந்த யோசனையை வெறும் கனவென்று ஒதுக்க மாட்டேன். காற்றுமெத்தைமேல் ஓடும் இந்த ஊர்தி மெல்லிய பனிக்கட்டியின் மேலும் ஓடும்; ஆழமான துறைமுகம் தேவையில்லை, சரிவான தளம் ஒன்றிருந்தாற் போதும். பிரித்தானியாவின் வைட் தீவுக்கு 1965 முதல் இன்றுவரை ஹோவர்கிராப்ட் சேவை ஓடுகிறது. ஆனால் அங்கே கடக்கும் தூரம் ஏழு கிலோமீற்றரளவு, பத்து நிமிடப் பயணம். கார்களையும் ஏற்றிக்கொண்டு ஆங்கிலக் கால்வாயைக் கடந்த பெரிய ஹோவர்கிராப்ட்கள் 1968இல் தொடங்கி 2000இல் ஓய்வு பெற்றன. எரிபொருளை அதிகம் குடித்தமையும், அருகிலேயே சுரங்க ரயில் வந்தமையும் அவற்றை நிறுத்தின. நம் ஏரியின் 50 கிலோமீற்றரில் இலையுதிர்காலக் காற்று வீசும் நாட்களில் எத்தனை பயணங்களை இரத்துச் செய்ய வேண்டிவரும் என்பதே இந்தச் சேவையின் உயிர்நாடிக் கேள்வி. வேலைக்குப் போகிறவர் வாரத்தில் ஒருநாள் வராத ஊர்தியை நம்பி வீடு வாங்க மாட்டார்.

கேள்வி: ஹைப்பர்லூப், அல்லது நீருக்குள் மிதக்கும் குழாய்?
— ஒரு கல்லூரி மாணவர், மார்க்கம்

பதில்: மிதக்கும் சுரங்கத்தை நோர்வே தன் ஆழமான கடற்குடாக்களுக்காகப் பல காலம் ஆராய்ந்து வருகிறது, உலகில் இன்னும் ஒன்றுகூடக் கட்டப்படவில்லை. காற்றை வெளியேற்றிய குழாய்க்குள் ஊர்தியை ஓட்டும் ஹைப்பர்லூப்பில் மனிதர் பயணம் செய்தது 2020 நவம்பரில், நெவாடாவில், 500 மீற்றர் சோதனைக் குழாயில். இருவர் மட்டும், மணிக்கு 170 கிலோமீற்றருக்குச் சற்று மேலான வேகத்தில். அதை நடத்திய நிறுவனம் 2023 இறுதியில் மூடப்பட்டுவிட்டது. பொறியியல் படிக்கும் நீங்கள் மிதக்கும் சுரங்கத்தைத் தொடர்ந்து கவனியுங்கள். ஆழமான ஏரிகளுக்கு உண்மையிற் பொருந்தக்கூடிய யோசனை அதுவே. நங்கூரக் கம்பிகளாற் கட்டப்பட்டு, அலைக்குக் கீழே 30 மீற்றரளவில் நிற்பதால் அதற்குப் பாறையும் தேவையில்லை, நீண்ட சரிவும் தேவையில்லை.

கேள்வி: ரொறன்ரோ–கியூபெக் அதிவேக ரயிலை 2025 பெப்ரவரியில் அறிவித்தார்கள். மணிக்கு 300 கிலோமீற்றர் என்கிறார்கள். அதையே ஏரிக்கடியால் நயாகராவுக்கும் நீட்டும்படி நம் சமூகம் கேட்கக் கூடாதா?
— ஒரு வாசகர், பிரம்டன்

பதில்: நயாகராவுக்கு நல்ல ரயில் கேட்பதை முழுமனத்துடன் ஆதரிக்கிறேன். ஏரிக்கடியால் கேட்பதை ஆதரிக்க முடியவில்லை. 2021 கணக்கெடுப்பின்படி நயாகராப் பிராந்தியத்தில் 4 இலட்சத்து 78 ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். ஏரியைச் சுற்றிப் போகும் கரையில் மிசிசாகா, ஓக்வில், பேர்லிங்டன், ஹமில்டன் ஆகிய நான்கு நகரங்களில் மட்டும் ஏறத்தாழ 17 இலட்சம் பேர் வாழ்கிறார்கள். ஏரிக்கடியாற் போகும் சுரங்கம் இந்த 17 இலட்சம் பேரையும் விட்டுவிட்டுப் போகும். நடுவழியில் ஒரு நிலையம்கூட இல்லாத 50 கிலோமீற்றர் அது. ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கத்தின் இரு பக்கமும் லண்டனும் பாரிசும் இருக்கின்றன. அப்படியிருந்தும், 1995இல் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பயணிகள் யூரோஸ்ரார் ரயிலில் செல்வார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் ஏறத்தாழ 30 இலட்சம் பேரே சென்றார்கள். நமது ஊரிலேயே, 19 கிலோமீற்றர் நீளமுள்ள எக்ளின்டன் ரயில் பாதை 2011இல் தொடங்கி, 2020இல் முடியும் என்று சொல்லப்பட்டு, அதற்குப் பின்னும் ஆண்டுக்கணக்கில் இழுபட்டதையும் அந்தத் தெருவோரக் கடைக்காரர்கள் பட்ட நட்டத்தையும் நாம் கண்ணாற் கண்டோம்.

மாறாக, கரையோரத் தண்டவாளம் ஏற்கெனவே இருக்கிறது. யூனியன் நிலையத்திலிருந்து நயாகராவுக்கு ரயில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுப்பதற்குக் காரணம் ஏரி குறுக்கே கிடப்பது அல்ல. ஹமில்டனுக்கு அப்பால் தண்டவாளம் சரக்கு ரயில்களுக்கு உரியது; அங்கே பயணிகள் ரயில் இரண்டாமிடத்திலேயே இருக்கிறது. சென் கத்தரின்ஸில் வெலண்ட் கால்வாயின் தூக்குப் பாலத்தைக் கடக்க வேண்டும். கப்பல் வந்தால் பாலம் மேலே போகும், ரயில் காத்து நிற்கும். கால்வாய்க்கு அடியில் ஒரு கிலோமீற்றரளவான சிறு சுரங்கமும், ஹமில்டனுக்கு அப்பால் பயணிகளுக்கென்று தனித் தண்டவாளமும், மின்மயமாக்கலும் இருந்தால், மணிக்கு 160 கிலோமீற்றர் வேகம் கொண்ட சாதாரண ரயிலே, நான்கு இடங்களில் நின்று போனாலும், ஒன்றேகால் மணித்தியாலத்துக்குள் நீர்வீழ்ச்சியை அடையும் என்பது என் கணக்கு. உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் மாகாணசபை உறுப்பினருக்கும் எழுதும்போது, முதலில் அந்தத் தூக்குப் பாலத்தைக் குறிப்பிட்டு, அதற்குப் பதிலாக அந்தச் சிறு சுரங்கத்தைக் கேளுங்கள்.